பக்கத்து வீட்டு மாத்திரை

கேள்வி: அம்மாவுக்கு 73 வயது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். நெஞ்சுவலி எதுவும் வந்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு, மாரடைப்பு வராமலிருக்கத் தினமும் ஆஸ்பிரின் போடுகிறார். நல்லதா?
– வாசகி, வண்டிப்பெரியார்

பதில்: வேண்டாம் என்றே சொல்வேன். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 'ஆஸ்ப்ரீ' என்றொரு ஆய்வு நடந்தது. இதயநோய் இல்லாத 19,114 முதியவர்கள். பெரும்பாலோர் 70 வயதைக் கடந்தவர்கள். பாதிப் பேருக்குத் தினமும் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, மருத்துவர்களுக்கும் தெரியாது. சுமார் 5 வருடம் கவனித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். மறதிநோயும் முடக்கமும் இல்லாமல் வாழும் காலத்தை ஆஸ்பிரின் கூட்டவில்லை. கடுமையான ரத்தக்கசிவு மட்டும் ஆயிரத்துக்கு 28 பேர் என்பதிலிருந்து 38 ஆகக் கூடியது.

நம் மலைத்தோட்டத்து முதியவர்கள் அந்த ஆய்வில் இல்லை. அந்தக் குறை எனக்கும் உண்டு. ஆனாலும் வயிற்றில் ரத்தம் கசியும் ஆபத்து நமக்கும் இருக்கிறது. மேட்டிலும் சரிவிலும் கூடை சுமந்தவருக்கு மூட்டுவலி இருக்கும். கடையில் வாங்கும் வலி மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பாகும். மலம் தார்போலக் கறுத்துப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அவர்களுக்கு அது உயிர் காக்கும் மருந்து. அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு, இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.