மானிட்டர்: பெட்டியில் இருப்பதும் கண்ணுக்குத் தெரிவதும்

பிள்ளைகளின் பாடம், அலுவலக வேலை, மின்கட்டணம், ராத்திரி ஒரு படம். சாதாரண வீட்டில் மானிட்டருக்கு இவ்வளவுதான் வேலை. அதிலும் பெரும்பகுதி எழுத்தைப் படிப்பதுதான். எனவே எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. கடையில் நடக்கும் பேச்சோ வேறு எண்களைச் சுற்றியே போகிறது.

நம்பிக்கை: திரை பெரிதானால் தெளிவும் கூடும்.

உண்மை: ஃபுல் எச்டி என்றால் 1920 x 1080, சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 24 அங்குலத்திலும் 27 அங்குலத்திலும் அதே எண்ணிக்கைதான். ஒரே அளவு மாவைப் பெரிய தோசையாக இழுப்பதுபோல, 24 அங்குலத்தில் அங்குலத்துக்கு 92 புள்ளிகள் என்பது 27 அங்குலத்தில் 82 ஆகக் குறைகிறது. கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து படித்தால் ஞ, ணு, இ போன்ற எழுத்துகளின் சுழிகளில் பிசிறு தெரியும். ஃபுல் எச்டிக்கு 22 முதல் 24 அங்குலமே பொருத்தம். 27 அங்குலம்தான் வேண்டும் என்றால் 2560 x 1440 பாருங்கள்.

நம்பிக்கை: அதே காசுக்கு 32 அங்குல டிவி கிடைக்கும்போது மானிட்டர் எதற்கு?

உண்மை: விலை குறைந்த 32 அங்குல டிவிகள் பலவும் 1366 x 768 தான். அதாவது சுமார் 10.5 லட்சம் புள்ளிகள், ஃபுல் எச்டி மானிட்டரில் இருப்பதில் பாதி. தள்ளி உட்கார்ந்து படம் பார்க்க அது போதும். பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதப் போதாது.

நம்பிக்கை: 'எல்இடி', 'பத்து லட்சத்துக்கு ஒன்று கான்ட்ராஸ்ட்' என்று போட்டிருந்தால் தரமானது.

உண்மை: அப்படி விற்கும் மானிட்டர்களில் எல்இடி என்பது எல்சிடி திரைக்குப் பின்னால் எரியும் விளக்குதான். லட்சக்கணக்கில் போடும் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம்), காட்சிக்கேற்ப விளக்கைக் கூட்டிக் குறைத்து எடுத்த கணக்கு. கேட்க வேண்டியது பேனல் வகை. ஐபிஎஸ் பேனலில் உண்மையான கான்ட்ராஸ்ட் ஏறக்குறைய 1000:1. பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. விஏ பேனலில் ஏறக்குறைய 3000:1 வரும். இருட்டறையில் படம் பார்க்க நல்லது. டிஎன் பேனலில் தலையைச் சற்று உயர்த்தினாலே நிறம் வெளிறும். வீட்டில் நாலு பேர் பார்க்கும் திரைக்கு ஐபிஎஸ் எடுங்கள்.

நம்பிக்கை: நீல ஒளியைத் தடுத்தால் கண்வலி வராது.

உண்மை: திரையின் நீல ஒளி கண்ணைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்கிறது அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது. கண் உலர்கிறது, எரிகிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளியுள்ள பொருளை 20 விநாடி பாருங்கள். அறை வெளிச்சத்துக்கேற்பத் திரையின் பிரகாசத்தைக் குறையுங்கள். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். உயரம் மாற்ற முடியாத ஸ்டாண்டு என்றால் அடியில் கனமான ஒரு பலகை வைத்தால் போதும்.

நம்பிக்கை: 100 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 100 முறை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டர் வாங்கி மாட்டினால் தானாகவே 100-இல் ஓடும்.

உண்மை: பல கணினிகளில் அது 60-இலேயே நின்றுவிடும். விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் நாம்தான் மாற்ற வேண்டும். அதற்கு முன், பழைய சிபியுவில் இருப்பது விஜிஏவா எச்டிஎம்ஐயா என்று பார்த்து, அதே போர்ட் உள்ள மானிட்டரை வாங்குங்கள்.

கடையில் விளம்பர வீடியோவை நிறுத்தச் சொல்லி, ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்து ஒரு பத்தி முழுக்கப் படியுங்கள். பிறகு விலையைப் பேசுங்கள்.