விளையாட்டு முடிந்த பிறகுதான் பாடம்



"வகுப்பில் விளையாட்டா? அப்படியானால் பாடம் எப்போது நடக்கும்?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். நியாயமான கேள்விதான். பயிற்சி பெறாத ஆசிரியர் கையில் விளையாட்டு வெறும் பொழுதுபோக்காகிவிடும். சில வேளை தவறான பாடத்தையும் கற்றுக்கொடுத்துவிடும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். தட்டில் 40 புளியங்கொட்டைகள். அதுதான் ஊர்க் குளம். பிள்ளைகள் நான்கு குழுக்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குழு 10 கொட்டைகள் வரை கேட்கலாம். எத்தனை வேண்டும் என்பதைப் பிறருக்குக் காட்டாமல் சீட்டில் எழுதித் தர வேண்டும். மீதியை ஆசிரியர் இரட்டிப்பாக்குவார், அதுதான் மழை. 40க்கு மேல் குளம் கொள்ளாது.

எல்லாக் குழுவும் 8 எடுத்தால் மீதி 8. மழைக்குப் பின் 16. அடுத்த சுற்றில் ஆளுக்கு 4 எடுத்ததும் குளம் வற்றிவிடும். ஒரு குழுவுக்குக் கிடைத்தது மொத்தம் 12. எல்லாரும் 5 எடுத்தாலோ மீதி 20. மழைக்குப் பின் மறுபடி 40. மூன்று சுற்றில் குழுவுக்கு 15 கிடைக்கும், குளமும் நிறைந்திருக்கும்.

மணி அடித்ததும் ஆட்டத்தை முடித்துவிட்டால், அதிகம் அள்ளிய பிள்ளை "நான்தான் ஜெயித்தேன்" என்ற எண்ணத்தோடு வீட்டுக்குப் போகும். எனவே ஆசிரியர் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். என்ன நடந்தது? ஏன் நடந்தது? நம் தெருவில், வீட்டில் இதுபோல் எது நடக்கிறது? பாசன நீர், மேய்ச்சல் நிலம் போன்ற பொதுவளங்களை மக்கள் தாங்களே விதி வகுத்துக் காப்பதை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரம், 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். அவர் ஆராய்ந்த அதே கேள்விக்குத்தான் புளியங்கொட்டை ஆட்டம் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறது.

ஆகவே ஆசிரியர் பயிற்சி மூன்று படிகளில் அமைய வேண்டும். முதலில் ஆசிரியர்களே மாணவராக அமர்ந்து ஆட வேண்டும். எங்கே கோபம் வருகிறது, எங்கே குழப்பம் வருகிறது என்பது ஆடினால்தான் தெரியும். அடுத்து, சக ஆசிரியர்களுக்கு ஆட்டத்தை நடத்திக் காட்ட வேண்டும். கடைசியாக, ஆட்டத்துக்குப் பிந்திய கேள்விகளை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். பாடவேளையில் பாதியை அந்தப் பேச்சுக்கே ஒதுக்க வேண்டும்.

தமிழக அரசு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் ஆடல், பாடல், விளையாட்டு வழியே கற்பிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது.

பிள்ளை வீடு வந்து "இன்று விளையாடினோம்" என்றால் கோபப்படாதீர்கள். "விளையாடி முடித்ததும் டீச்சர் என்ன கேட்டார்கள்?" என்று கேளுங்கள். பிள்ளையிடம் பதில் இருந்தால் பாடம் நடந்திருக்கிறது. இல்லையென்றால், அதே கேள்வியை ஆசிரியரிடம் மரியாதையோடு கேட்பது நம் பொறுப்பு.