பெட்டி பூட்டிய உழவு யந்திரமும் மலைப்பாதையும்

ஊவா மாகாணக் கமக்காரர்களுக்கு ஒரு விளக்கம்

வெலிமடை, ஊவா பரணகமைப் பகுதிகளில் விளையும் உருளைக்கிழங்கும் கோவாவும் லீக்ஸும், மகியங்கனைப் பக்கத்து வயல்களில் விளையும் நெல்லும் இக்காலத்திற் பெரும்பாலும் உழவு யந்திரத்திற் பூட்டிய பெட்டியிலேயே வயலைவிட்டுப் புறப்படுகின்றன. உழவுக்கென வாங்கிய யந்திரம் அறுவடைக்குப் பின் வண்டியாக மாறிவிடுகிறது. வயலில் நிற்கும்வரை அதனை ஓட்டத் தெரிந்தாற் போதும். வீதியில் ஏறியதும் சட்டமும் மலைச்சரிவும் வேறு சிலவற்றைக் கேட்கின்றன.

முதலிற் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் பல திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது. சாரதி அனுமதிப்பத்திரத்தில் வாகனங்கள் வகுப்பு வகுப்பாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. லான்ட்மாஸ்டர் என்றும் கை ட்ரக்டர் என்றும் நாம் வழங்கும் இரு சில்லு யந்திரம் ஜி1 வகுப்பைச் சேர்ந்தது. நான்கு சில்லு உழவு யந்திரம், பெட்டி பூட்டியதாயினும் பூட்டாததாயினும், ஜி வகுப்பைச் சேர்ந்தது. உங்கள் பத்திரத்தின் பின்புறத்தைப் பாருங்கள். எந்த வகுப்புக்கு எதிரே திகதி பொறிக்கப்பட்டிருக்கிறதோ அந்த வகுப்பு வாகனத்தையே நீங்கள் வீதியில் ஓட்டலாம். மோட்டார் சைக்கிளுக்கு மாத்திரம் பெற்ற பத்திரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிழங்கு மூட்டைகளுடன் வீதிக்கு வருபவர், இந்த யந்திரத்தைப் பொறுத்தவரை பத்திரமே இல்லாதவராவார். தோட்டத்துப் பாதையிற் பல ஆண்டு ஓட்டிய பழக்கமும் பத்திரத்துக்கு ஈடாகாது. விபத்து நேர்ந்தாற் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுப்பதற்கும் இது இடந்தரும்.

கார், வான் போன்றவற்றிற் சிறு பெட்டி பூட்டி மரக்கறி கொண்டு செல்வோரும் உளர். மொத்த நிறை 3,500 கிலோகிராமுக்கு மேற்படாத இவ்வாகனங்கள் பி வகுப்பைச் சேர்ந்தவை. இவற்றுடன் பூட்டத்தக்க பெட்டியின் வெற்று நிறை 250 கிலோகிராமுக்கு மேற்படலாகாது. 3,500 முதல் 17,000 கிலோகிராம் வரையான லொறிகளுக்குரிய சி1 வகுப்பில் இவ்வெல்லை 750 கிலோகிராம். அதனினும் கனத்த பெட்டியை லொறியிற் பூட்டுவதற்கு சிஈ என்ற தனி வகுப்பு உண்டு.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மேலே சொன்ன 250, 750 என்னும் எண்கள் சரக்கேற்றாத பெட்டியின் நிறையைக் குறிப்பன. பெட்டி வெற்று நிறையில் எல்லைக்குள் நிற்கிறதென்பதனால் அதில் எவ்வளவும் ஏற்றலாம் என்று கொள்வது பெரும்பிழை. எவ்வளவு ஏற்றலாம் என்பதைப் பெட்டி செய்தவர் குறித்த அளவும், பிறேக்கும், டயரும், எல்லாவற்றுக்கும் மேலாக நீங்கள் செல்லும் பாதையின் சரிவுமே தீர்மானிக்கின்றன.

சரிவின் வலிமையை அறியத் தெமோதரைக்குச் சென்று பாருங்கள். 1924ஆம் ஆண்டிற் பதுளையை எட்டிய மலைநாட்டு ரயிற்பாதையில் 44 அடிக்கு ஓரடிக்கு மேற்பட்ட சரிவை அமைத்தவர்கள் அனுமதிக்கவில்லை. அதனாலன்றோ தெமோதரையிற் பாதையை ஒரு வட்டமாகச் சுற்றி, நிலையத்துக்குக் கீழேயே சுரங்கம் வழியாகச் செல்ல விட்டார்கள்! நமது தோட்டத்துப் பாதைகளிலோ பத்தடிக்கு ஓரடி இறங்கும் இடங்கள் புதுமையல்ல.

கணக்கு எளிது. 50 கிலோகிராம் மூட்டைகள் 20 ஏற்றினால் 1,000 கிலோகிராம். பெட்டி 300 கிலோகிராம் எனக் கொண்டால் மொத்தம் 1,300. பத்துக்கு ஒன்று என்ற இறக்கத்தில் இதன் பத்திலொரு பங்கு, அதாவது ஏறக்குறைய 130 கிலோகிராம் பாரத்துக்குச் சமமான விசை, பின்னாலிருந்து யந்திரத்தை ஓயாது தள்ளிக்கொண்டிருக்கும். கை ட்ரக்டரின் சொந்த நிறையோ சில நூறு கிலோகிராமே. ஈரப்பாதையில் அது இத்தள்ளலைத் தாங்கி நிற்கும் என்று நம்புதல் வீண்.

இறக்கத்தில் இதனினும் கொடிய ஆபத்தொன்று கை ட்ரக்டரில் மறைந்திருக்கிறது. கைப்பிடிகளின் கீழுள்ள திருப்பும் பிடிகளை நீங்கள் அறிவீர்கள். சமதரையில் இடப்பிடியை அழுத்தினால் இடச்சில்லுக்குச் செல்லும் விசை நிற்கும். வலச்சில்லு மாத்திரம் தள்ள, யந்திரம் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் யந்திரம் பெட்டியை இழுப்பதில்லை; பெட்டியே யந்திரத்தைத் தள்ளுகிறது. எஞ்சின் சில்லுகளை ஓடவிடாது தடுத்துப் பிடித்திருக்கிறது. அந்நிலையில் இடப்பிடியை அழுத்தினால் இடச்சில்லு தடை நீங்கி விரைந்தோடும், வலச்சில்லு பின்தங்கும், யந்திரம் வலப்பக்கம் திரும்பிவிடும். மலைச்சுவரை நோக்கித் திருப்ப எண்ணியவர் பள்ளத்தை நோக்கித் திரும்புவது இவ்வாறே. மகியங்கனையின் சமநிலத்தில் ஓட்டிப் பழகிய கை, பசறையிலோ எல்லையிலோ ஓர் இறக்கத்தில் தன்னையறியாது பழைய வழக்கப்படியே அழுத்திவிடும். ஆகையால் மலைப்பாதைக்குப் புதியவர் எவ்வளவு தேர்ந்த சாரதியாயினும், வெறும் பெட்டியுடன் சில நாள் ஓட்டிப் பழகிய பின்னரே பாரமேற்றுதல் வேண்டும்.

இறக்கம் தொடங்குமுன்பே யந்திரத்தை நிறுத்திக் குறைந்த கியருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இறங்கும்போது பிரதான கிளச்சை விடுவிக்கவோ, எண்ணெய் மிச்சமாகுமென்று கியரை நடுநிலையில் வைக்கவோ வேண்டாம்; மிச்சமாகும் எண்ணெய் ஒரு கோப்பை, போவது உயிர். திருப்பும் பிடிகளைத் தொடாது கைப்பிடியையே உடல் வலிமையால் தள்ளித் திருப்புங்கள். பெட்டியின் காற்பிறேக்கை இடையிடையே அழுத்தி வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். பிறேக் இல்லாத பெட்டியை மலைப்பாதையில் எக்காரணம் கொண்டும் பாரத்துடன் கொண்டு செல்லாதீர்கள்.

ஏற்றும் முறையிலும் கவனம் வேண்டும். ஈரச்சில்லுப் பெட்டியிற் கனத்த மூட்டைகளை அச்சுக்குச் சற்று முன்னாக அடுக்குங்கள். பாரம் பின்புறம் சேர்ந்தால் பூட்டுமுனை மேலெழும்பி, யந்திரத்தின் சில்லுகள் தரையைப் பற்றாது வழுக்கும். கோவா போன்றவற்றை உயரமாகக் குவித்தாற் கொண்டையூசி வளைவிற் பெட்டி கவிழும். பூட்டும் ஆணிக்குக் காவலாணி இருக்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கும் முன் பார்த்தல் வேண்டும். மூட்டைகளின் மேல் ஆட்களை ஏற்றும் வழக்கம் தோட்டப் பகுதிகளில் இன்னும் காணப்படுகிறது. கவிழும் பெட்டியிலிருந்து சாரதி குதித்துத் தப்பினாலும் மேலே இருப்பவர் தப்புவது அரிது. கூலியாட்களை நடக்க விடுங்கள், அல்லது பஸ்ஸில் அனுப்புங்கள்.

அப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் மாலையில் மூடுபனி இறங்கியபின் விளக்கில்லாத பெட்டி பின்வரும் லொறிக்குத் தெரியாது. பெட்டியின் பின்பலகையில் இரு ஓரங்களிலும் சிவப்பு ஒளித்தெறிப்பிகளைப் பொருத்தி, சேறு படிந்திருப்பின் புறப்படுமுன் துடையுங்கள். ஏற்றத்தில் நிற்க நேர்ந்தாற் சில்லுக்கு முட்டுக் கொடுக்க இரண்டு மரக்கட்டைகள் பெட்டியிலேயே இருக்கட்டும். வீதியோரத்துக் கல்லை முட்டாக வைப்பவர், மீண்டும் புறப்படுகையில் அதனை எடுத்து ஓரத்திற் போட்டுவிட்டுச் செல்லுதல் வேண்டும்; இருளில் அதே பாதையால் மோட்டார் சைக்கிளில் வருபவர் உங்கள் அயலவராகவே இருப்பார்.