கப்பல் நேரம்

ஃபுன்ஷால் துறைமுகத்தில் வாடகைக் காரிலிருந்து நாங்கள் இறங்கியபோது கணவரின் ஃபோனில் மாலை 4.10. கப்பலில் ஏறக் கெடு 4.30. இன்னும் இருபது நிமிடம் இருக்கிறதே என்று காருக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்துவிட்டு நிதானமாகத்தான் திரும்பினோம். காலையில் அடுக்குமாடிக் கட்டடம் போலக் கப்பல் நின்றிருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது. கப்பல் துறைமுக வாயைத் தாண்டி, பின்புறத்தை எங்களுக்குக் காட்டியபடி போய்க்கொண்டிருந்தது.

கரையில் ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒருவர் மட்டும் நின்றிருந்தார். துறைமுக முகவராம். எங்கள் பெயரைக் கேட்டார், சொன்னோம். கையிலிருந்த பிளாஸ்டிக் உறையை நீட்டினார். உள்ளே எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டுகள்.

கப்பல்களில் இது வழக்கமான நடைமுறை. ஏறும்போதும் இறங்கும்போதும் பயணியின் அட்டையைக் கருவியில் காட்டவேண்டும். அதனால் யார் திரும்பவில்லை என்று கெடு முடிந்த நொடியிலேயே தெரிந்துவிடும். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைப்பார்கள். பதில் இல்லையென்றால் அதிகாரிகள் அறைக்குப் போய்ப் பெட்டகத்தைத் திறந்து, பாஸ்போர்ட்டை எடுத்துக் கரையிலுள்ள முகவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டுவிடுவார்கள். துறைமுகத்தில் கப்பல் நிற்க ஒதுக்கிய நேரம் முடிந்துவிடும், வழிகாட்டி மாலுமி ஏறிக் காத்திருப்பார், அடுத்த கப்பல் வெளியே நின்றுகொண்டிருக்கும். இரண்டாயிரம் பேரை ஏற்றிய கப்பல் இரண்டு பேருக்காக நிற்காது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நடந்தது இதுதான். பார்சிலோனாவில் ஏறி, மலகா, காதிஸ் வழியாக மதேய்ரா தீவு, அங்கிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து மயாமி என்பது எங்கள் பயணம். மத்தியதரைக் கடலில் கோடை முழுக்க ஓடிய கப்பல்கள் அக்டோபர், நவம்பரில் கரீபியனுக்கு இடம் மாறும். எப்படியும் போயாக வேண்டிய கப்பல் என்பதால் அந்த ஒருவழிப் பயணத்துக்குக் கட்டணம் குறைவாக இருக்கும். மகன் அமெரிக்காவில் இருப்பதால் எங்களுக்கு அது பொருத்தமாக அமைந்தது. உங்களுக்கும் பிள்ளை அங்கே இருந்தால் இதைவிட நல்ல வழி கிடையாது.

ஸ்பெயினைவிட மதேய்ரா ஒரு மணி நேரம் பின்தங்கியது. ஆனால் எங்கள் கேப்டன் அந்த ஒரு நாளுக்காகக் கடிகாரத்தை மாற்றவில்லை. கப்பலுக்குள் ஸ்பெயின் நேரமே ஓடியது. முதல் நாள் இரவு அறைக்கு வந்த அறிவிப்புத் தாளில் ‘கப்பல் நேரம்தான் கணக்கு, கடிகாரத்தை மாற்ற வேண்டாம்’ என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். நான் அதைப் படித்தேன். கணவரிடம் சொல்லவும் சொன்னேன்.

“ஏங்க, கப்பல் நேரம்னு ஏதோ போட்டிருக்கே, பாருங்களேன்.”

“ஃபோன் தானா சரி பண்ணிக்கும்மா. உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்.”

ஃபோன் தானாகத்தான் சரி செய்துகொண்டது. கடலில் விமானப் பயன்முறையில் கிடந்த ஃபோன் ஃபுன்ஷாலில் இறங்கியதும் உள்ளூர் கோபுரத்தைப் பிடித்தது, ஒரு மணி நேரம் பின்னால் போனது. அது காட்டிய 4.10 தீவுக்குச் சரி. கப்பலில் அப்போது 5.10. எங்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்த பயண முகவர் சென்னையில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்து விளக்கினார். சாப்பாடு, விசா, டிப்ஸ், கோட்டு சூட்டு வரை சொன்னார். இந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அவர் வாழ்நாளில் கப்பல் ஏறியதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நீங்கள் முகவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “நீங்க போயிருக்கீங்களா?” என்பதுதான்.

அன்று என்ன செய்துகொண்டிருந்தோம் என்றும் சொல்லவேண்டும். ஃபுன்ஷாலிலிருந்து கேபிள் காரில் கால்மணி நேரம் ஏறினால் மோன்ட்டே என்ற மலை ஊர். 1922-இல் நாடு கடத்தப்பட்ட நிலையில் இந்தத் தீவில் இறந்த ஆஸ்திரியாவின் கடைசிப் பேரரசர் முதலாம் கார்லின் கல்லறை அங்குள்ள மாதா கோயிலில் இருக்கிறது. அந்த ஊரிலிருந்து கீழே இறங்கப் பிரம்புக்கூடை வண்டிகள் உண்டு. சக்கரம் கிடையாது, மரச்சட்டத்தில் பொருத்திய சோபா மாதிரி இருக்கும். வெள்ளை உடை, வைக்கோல் தொப்பி அணிந்த இரண்டு பேர் பின்னால் நின்று தள்ளி, தார்ச்சாலையில் இரண்டு கிலோமீட்டர் சறுக்கிக்கொண்டே இறக்குவார்கள். பிரேக் அவர்கள் கால்தான். எங்களை இறக்கியவர் காலைத் தூக்கிச் செருப்படியைக் காட்டினார். கனத்த ரப்பர், ஒரு பக்கம் கத்தியால் சீவியது போலத் தேய்ந்திருந்தது.

அன்று துறைமுகத்தில் இரண்டு கப்பல்கள். அதனால் கூடை வண்டிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வரிசை. நாங்கள் வரிசையில் நிற்கும்போது, கப்பலில் எங்கள் மேஜையில் சாப்பிடும் ஒரு குடும்பம் வரிசையை விட்டு விலகிக் கீழே இறங்கக் கிளம்பியது. எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். அவர்களுக்கு நேரம் தெரிந்திருந்தது. “கிளம்பலையா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான்கு நாள் ஒரே மேஜையில் ஊறுகாய் பகிர்ந்துகொண்டவர்கள். இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

ஃபுன்ஷால்தான் கடைசித் துறை. அதன் பிறகு மயாமி வரை ஏறத்தாழ 3,300 கடல் மைல் வெறும் தண்ணீர். ஏழு நாள் எங்கேயும் நிற்காது. மலகாவில் தவறவிட்டிருந்தால் பேருந்து பிடித்துக் காதிஸில் ஏறியிருக்கலாம். இங்கே தவறவிட்டதால் கப்பலை எட்டிப்பிடிக்க வழியே இல்லை. எந்தக் கடலுக்குப் போக ஆசைப்பட்டு ஓய்வூதியப் பணத்தை எடுத்தோமோ, அந்தக் கடல் முழுக்க எங்கள் கைவிட்டுப் போனது.

கணவரின் சர்க்கரை மாத்திரை, என் ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் அறையில். மாற்றுத் துணி இல்லை. பச்சைச் சிலுவை எரியும் மருந்துக்கடையில் சீட்டுக் கேட்டார்கள். மகள் சென்னையில் பாதித் தூக்கத்தில் எழுந்து பீரோவைக் குடைந்து, சீட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். அதைக் காட்டித்தான் சில நாளுக்கு வாங்கினோம். தீவின் விமான நிலையம் பக்கக் காற்றுக்குப் பேர்போனது. ஓடுதளத்தின் ஒரு பகுதியே கடலோரத் தூண்கள் மேல் நிற்கிறது. காற்று அடித்தால் விமானங்கள் இறங்காமல் திரும்பிவிடும். எங்கள் நல்ல நேரம், மறுநாள் காலை லிஸ்பனுக்கு விமானம் கிளம்பியது. அங்கிருந்து மயாமி. கடைசி நேர டிக்கெட்டும், கப்பல் வந்து பெட்டி கைக்குக் கிடைக்கும்வரை விடுதியில் தங்கிய செலவும் சேர்ந்து மூன்றரை லட்சத்துக்குக் கிட்டே. காப்பீட்டு நிறுவனம் ஒரு ரூபாய் தரவில்லை. விமானம் தாமதமாகிக் கப்பலைத் தவறவிட்டால் காப்பீடு உண்டாம். தானே தாமதமாக வந்தால் கிடையாதாம்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் மேற்கே சாவோ டோமே தீவில் எட்டுப் பயணிகள் தனியாக ஏற்பாடு செய்த சுற்றுலாவிலிருந்து தாமதமாகத் திரும்பினார்கள். கப்பல் கண்ணெதிரே நங்கூரத்தில் நின்றபோதும் ஏற்றிக்கொள்ளவில்லை. நாடு நாடாக மாறி காம்பியாவில் ஏற நினைத்தார்கள். கடல் ஏற்ற இறக்கம் ஒத்துவராமல் கப்பல் அங்கே கரை சேரவில்லை. கடைசியில் செனகலின் டக்காரில்தான் ஏறினார்கள். கப்பல்காரர்களே நடத்தும் கரைச் சுற்றுலாவில் போயிருந்தால் வண்டி தாமதமானாலும் பொறுப்பு அவர்களுடையது. காத்திருப்பார்கள், அல்லது அடுத்த துறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அதற்காக எல்லா ஊரிலும் அவர்களிடமே டிக்கெட் வாங்கு என்று நான் சொல்லமாட்டேன். ஆளுக்கு அவர்கள் கேட்கும் தொகையில் நாங்கள் இரண்டு பேரும் டாக்சியில் ஊரைச் சுற்றி, சாப்பிட்டும் வந்திருக்கிறோம். ஆனால் பெருங்கடலுக்கு முந்தைய கடைசி ஊரில் மட்டும் அவர்களோடு போங்கள். இல்லையென்றால் நடந்து திரும்பும் தூரத்தைத் தாண்டாதீர்கள்.

மற்றவை எல்லாம் கற்றுக்கொள்ள ஒரு நாள் போதும். கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் அறை எடுத்தால் ஆட்டம் குறைவு. சைவம் என்றால் முதல் இரவே தலைமைப் பரிமாறுபவரிடம் சொல்லிவிடுங்கள், மறுநாளுக்குப் பருப்பும் சப்பாத்தியும் வரும். சமையலறையில் நம்மவர்கள் நிறைய. பருப்புப் பொடி கொண்டுபோகலாம். மின்சாரக் கெட்டில், இஸ்திரிப் பெட்டியைப் பறிமுதல் செய்துவிடுவார்கள். கரையை விட்டதும் ஃபோனை விமானப் பயன்முறையில் போடாவிட்டால் கப்பலின் சொந்த வலைப்பின்னல் பிடித்துக்கொண்டு பில் எகிறும். மாத்திரையை மூன்று நாளுக்காவது கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

உயிர்காப்புப் பயிற்சியை மட்டும் தட்டிக்கழிக்க வேண்டாம். ஏழு குறுஞ்சங்கு, ஒரு நெடுஞ்சங்கு என்பது அபாயக் குறி. 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறியவர்களில் பலருக்கு அதுவரை பயிற்சியே நடக்கவில்லை. அதன் பிறகுதான், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்று 2015 முதல் உலக விதி மாறியது.

மறு ஆண்டு நவம்பரில் நாங்கள் மறுபடி அதே வழியில் ஏறினோம். பணத்தைக் கரியாக்குகிறார்கள் என்று சொந்தத்தில் பேசினார்கள். பேசட்டும். இந்த முறை ஃபோனைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, அப்பாவின் பழைய ஹெச்.எம்.டி. கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டேன். தினமும் சாவி கொடுக்கும் ரகம். ஃபுன்ஷாலில் மலைக்குப் போகவில்லை. உழவர் சந்தையில் சின்ன மதேய்ரா வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கி, அங்கேயே நின்று தின்றுவிட்டு, மதியம் ஒன்றரைக்குக் கப்பலில் இருந்தோம்.

பிறகு ஏழு நாள் கடல். மூன்றாம் நாள் காற்று வெதுவெதுப்பாகியது. பழுப்புப் பாசித் திட்டுகள் மிதந்து வந்தன. பறவைக் கோலா மீன்கள் கப்பல் பிளந்த அலையிலிருந்து கூட்டமாக எழும்பி, நீர்மட்டத்தை ஒட்டிப் பறந்து விழுந்தன. இரவில் மேல்தளத்தின் முன்பகுதி விளக்குகளை அணைத்துவிடுவார்கள். அங்கே பார்த்த நட்சத்திரத்தை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. கணவர் ஒன்றும் பேசாமல் என் பக்கத்தில் நின்றிருந்தார்.

ஸ்பெயினுக்கும் மயாமிக்கும் நவம்பரில் ஆறு மணி நேர வித்தியாசம். மேற்கே போகப் போக ஆறு இரவுகள் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், நாள் ஒன்றுக்கு 25 மணி நேரம். அறிவிப்புத் தாள் வந்த இரவெல்லாம் படுக்கும் முன் கடிகாரத்தின் திருகை இழுத்து முள்ளை ஒரு சுற்றுப் பின்னால் திருப்புவேன். பழைய கடிகாரம், நாளுக்கு நான்கு நிமிடம் முந்தி ஓடும். நண்பகலில் கேப்டன் ஒலிபெருக்கியில் கப்பல் இருக்கும் இடத்தையும் கடலின் ஆழத்தையும் சொல்லி முடித்ததும், அந்த நான்கு நிமிடத்தைக் குறைத்துவிட்டுச் சாவி கொடுத்து வைப்பேன்.