மூன்று கால் ஜாதகம்

என் முதல் டிரான்சிஸ்டர் டெஸ்டர் பதினோரு நாள்தான் உயிரோடு இருந்தது. கொன்றது நான்தான்.

தாராவி 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் எனக்கு எட்டுக்குப் பத்தில் கடை. ஆம்ப்ளிஃபயர், இன்வெர்ட்டர், இண்டக்ஷன் அடுப்பு, எப்போதாவது மாட்டுங்காவிலிருந்து பெரியவர்கள் துணியில் சுற்றிக் கொண்டுவரும் பழைய ரேடியோ. அன்று மேசையில் கிடந்தது ஓர் எஸ்.எம்.பி.எஸ். அதில் 13009 டிரான்சிஸ்டர் மேல்தான் சந்தேகம். பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் ஆகிவிட்டதே என்ற தைரியத்தில், ஈயத்தை உருக்கிக் கழட்டச் சோம்பல்பட்டு, போர்டில் இருந்தபடியே மூன்று காலிலும் கிளிப்பை மாட்டினேன். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். திரையில் எழுத்து வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

நடந்தது இதுதான். 230 வோல்ட் மின்சாரம் டயோடு வழியாக உள்ளே போனால் பெரிய கண்டென்சரில் 325 வோல்ட் வரை ஏறி உட்காரும். ஓடுகிற செட்டை அணைத்தால் செட்டே அதைத் தின்று தீர்த்துவிடும். ஓடாத செட்டில் தின்ன ஆள் இல்லை. மலிவான போர்டுகளில் வடித்துவிட ரெசிஸ்டரும் போட்டிருக்க மாட்டார்கள். ஆக, செத்த செட்டுதான் கடிக்கும். டிரான்ஸ்ஃபார்மரின் சுற்று வழியாக அந்த வோல்ட் நேரே கலெக்டர் காலில் வந்து காத்துக்கொண்டிருந்தது. 5 வோல்ட்டில் வாழும் டெஸ்டருக்கு அது இடி.

இப்போது 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றுக்கு இரண்டு பக்கமும் ஒயர் இழுத்து, ஸ்லீவ் போட்டு, மேசைக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். 220 மைக்ரோஃபாரட் கண்டென்சரில் மூன்று விநாடி வைத்தால் போதும், வடிந்துவிடும். பிறகு மல்டிமீட்டர் வைத்து உறுதி செய்துகொள்வேன். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் அடிப்பதில் சத்தமும் பொறியும் வருமே தவிர, போர்டுக்கும் கண்ணுக்கும் அது நல்லதல்ல. இன்னொன்று: பெரிய கண்டென்சரை வடித்துவிட்டுச் சும்மா வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே மறுபடி வோல்ட் எழும்பும். டெஸ்டரில் செருகுகிற நொடிவரை இரண்டு காலையும் ஒரு கம்பியால் இணைத்தே வைத்திருங்கள்.

செத்த டெஸ்டரைத் திறந்து பார்த்ததில் லாபம் ஒன்று உண்டு. உள்ளே பெரிய ரகசியம் எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்டேன். ஏ.டி.மெகா 328 என்ற ஒரு மைக்ரோகண்ட்ரோலர், அதைச் சுற்றி ஆறு ரெசிஸ்டர்: மூன்று 680 ஓம், மூன்று 470 கிலோ ஓம். ஒவ்வொரு காலையும் மாற்றி மாற்றி இவற்றின் வழியாக 5 வோல்ட்டோடும் கிரவுண்டோடும் இணைத்துப் பார்த்து, எது பேஸ், எது எமிட்டர் என்று ஊகிப்பதுதான் அதன் வேலை. ஜெர்மனியைச் சேர்ந்த மார்க்குஸ் ஃப்ரேயெக் உருவாக்கி, கார்ல்-ஹைன்ஸ் க்யூபெலர் விரித்து வளர்த்த வடிவமைப்பு இது. எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். சீனாவிலிருந்து வந்து இங்கே சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அதன் பிள்ளைகள்தான்.

நல்ல வேளையாக என்னுடையதில் சிப் சாக்கெட்டில் இருந்தது. மாஹிமில் ரயிலேறி கிராண்ட் ரோட்டில் இறங்கினேன். எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் லாமிங்டன் ரோடு அங்கேதான். அதன் அரசாங்கப் பெயர் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க். அந்தப் பெயரைச் சொன்னால் டாக்ஸிக்காரர் ஒரு நிமிடம் யோசிப்பார். புது 328 வாங்கிவந்து செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடையில் கிடைப்பது வெற்றுச் சிப். அதற்குள் புரோகிராமை ஏற்ற வேண்டும் என்பதுகூட அன்று எனக்குத் தெரியாது. வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரியில் படிக்கும் எங்கள் தெருப் பையன் ஒருவன் லேப்டாப்பைக் கொண்டுவந்து அரை மணியில் ஏற்றிக் கொடுத்தான். கூலியாக இரண்டு வடாபாவ். வாங்கும்போது மேல்மூடியைத் தூக்கிப் பாருங்கள்: சிப் சாக்கெட்டில் இருந்தால் பிழைக்கவைக்க வழி உண்டு; போர்டோடு ஒட்டிய பொடிச் சிப்பாக இருந்தால் சிரமம்.

அந்த 680 ஓமை மனதில் வைத்துக்கொண்டால் டெஸ்டர் செய்யும் பாதிக் குழப்பம் விளங்கிவிடும். 5 வோல்ட்டை 680-ஆல் வகுத்தால் 7 மில்லியாம்ப் சொச்சம். அதற்கு மேல் அதனால் தரவே முடியாது. அது எழுதும் ஜாதகம் முழுக்க இந்த 5 வோல்ட், 7 மில்லியாம்ப் உலகத்தில் எழுதப்பட்டது.

இது புரியாமல் ஒருமுறை அவமானப்பட்டேன். செம்பூரிலிருந்து ஓர் இண்டக்ஷன் அடுப்பு வந்தது. ஐ.ஜி.பி.டி. ஷார்ட். புதிதாக ஹெச்20ஆர்1203 வாங்கிவந்து மாட்டுவதற்கு முன் டெஸ்டரில் வைத்தேன். 'டயோடு' என்றது. திருப்பி வைத்தாலும் டயோடு. ஏமாற்றிவிட்டார்கள் என்று கொதித்துக்கொண்டு மறுபடி கிராண்ட் ரோடு போனேன். கல்லாவில் இருந்த பெரியவர் கோபப்படவே இல்லை. "அண்ணா, பெஹ்லே டேட்டாஷீட் தேக்கோ" (முதலில் டேட்டாஷீட்டைப் பாருங்கள்) என்று சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார். பார்த்தேன். அந்த ஐ.ஜி.பி.டி. விழிக்கவே கேட்டில் கிட்டத்தட்ட 6 வோல்ட் வேண்டும். 5 வோல்ட்டால் தட்டினால் அது எப்படிக் கதவைத் திறக்கும்? உள்ளே கூடவே இருக்கும் டயோடு மட்டும்தான் டெஸ்டரின் கண்ணில் பட்டிருக்கிறது. ஐ.ஆர்.எஃப்.840 மாதிரி மாஸ்ஃபெட்டுகள் 2 முதல் 4 வோல்ட்டுக்குள் திறந்துவிடும். அவற்றை டெஸ்டர் சரியாகச் சொல்லும்.

ஐ.ஜி.பி.டி.க்கு இப்போது என் வழி வேறு. 12 வோல்ட் அடாப்டர், சின்ன 12 வோல்ட் பல்பு, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். பிளஸ்ஸிலிருந்து பல்பு வழியாகக் கலெக்டர், எமிட்டர் மைனஸில். முதலில் கேட்டையும் எமிட்டரையும் தொட்டுவிட்டால் பல்பு அணைந்திருக்க வேண்டும். பிறகு 10 கிலோ ஓம் வழியாகக் கேட்டை பிளஸ்ஸில் தொட்டால் எரிய வேண்டும். கையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் எரிந்துகொண்டே இருந்தால் கேட் லீக் இல்லை. அதுதான் நல்ல பீஸ்.

பெரிய டிரையாக்குகளுக்கும் இதே கதை. கேட்டுக்கு 50 மில்லியாம்ப் கேட்கிற பி.டி.ஏ.41 மாதிரிச் சாமான்களை 7 மில்லியாம்ப் அசைக்காது. 'பார்ட் இல்லை' என்று வரும். டிப் 122 செருகினால் பேஸ்-எமிட்டர் வோல்ட் 0.7 இருக்க வேண்டிய இடத்தில் 1.2, 1.3 காட்டும், பயப்பட வேண்டாம், உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர் இருக்கிறது.

கணபதி சீசன் வந்தால் ஆம்ப்ளிஃபயர்களாகக் குவியும். எல்லாவற்றிலும் 5200-1943 ஜோடிதான். 2எஸ்.சி.5200-இல் ஒரிஜினல் தோஷிபாவைவிட தோஷிபா என்று அச்சடித்த டூப்ளிகேட்தான் சந்தையில் அதிகம் என்று தோன்றும். ஒரு வருடம் 5200 மட்டும் எட்டு வாங்கினேன். டெஸ்டர் எல்லாவற்றுக்கும் 'என்.பி.என்., கெயின் 90' என்று சான்றிதழ் கொடுத்தது. மாட்டிக் கொடுத்தேன். ஊர்வலத்தன்று இரவு பதினோரு மணிக்கு போன். "அண்ணாச்சி, பாக்ஸ்ல புகை வருது." எட்டில் ஆறு போயிருந்தது. காசை நான்தான் திருப்பிக் கொடுத்தேன்.

டெஸ்டர் பொய் சொல்லவில்லை. அந்தச் சாமானுக்குள் சின்னதாக ஒரு சில்லு இருந்தது. 7 மில்லியாம்ப்பில் அது உத்தம புத்திரன். பல ஆம்பியர் பாயும்போதுதான் சாயம் வெளுக்கும். அப்படியானால் சில்லின் அளவை வெளியிலிருந்தே அறிய வழி உண்டா? அதே டெஸ்டரில் உண்டு. எமிட்டரை விட்டுவிட்டு பேஸையும் கலெக்டரையும் மட்டும் இணையுங்கள். டயோடு என்று காட்டி, கீழே அதன் கபாசிட்டன்ஸைப் பிகோஃபாரட்டில் எழுதும். சில்லு பெரிதானால் இந்த எண்ணும் பெரிதாகும். 5200-க்கு டேட்டாஷீட் சொல்வது 10 வோல்ட்டில் 200 பிகோஃபாரட். டெஸ்டர் குறைந்த வோல்ட்டில் அளப்பதால் அதைவிடக் கூடுதலாகவே காட்ட வேண்டும். எரிந்ததில் மிஞ்சிய இரண்டும் 100-ஐக்கூடத் தொடவில்லை. சந்தேகமில்லாத ஒரிஜினல் ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கத் தனியாக வைத்திருப்பது நல்லது. இவ்வளவும் பார்த்தாலும், அதிக வோல்ட்டில் உடைகிற டிரான்சிஸ்டரை இது காட்டாது. ரிப்பேர் முடிந்த செட்டை முதல் தடவை 100 வாட் சீரிஸ் பல்பு வழியாகத்தான் போடுவேன்.

என் சொந்தக் கருத்து ஒன்று, பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்: புது டூப்ளிகேட்டைவிடக் கழட்டின ஒரிஜினல் மேல். இங்கே 13 கம்பவுண்டில் பழைய போர்டுகள் கிலோ கணக்கில் வந்து இறங்கும். அவற்றிலிருந்து எடுக்கும் டிரான்சிஸ்டர்களில் பாதிக்கு எழுத்தே அழிந்திருக்கும். அவற்றைப் பிரிக்கும்போதுதான் டெஸ்டர் தன் காசைச் சம்பாதிக்கிறது. கால் வரிசை ஒன்றே பெரிய உபகாரம். தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால் கீழே இருக்கப் பிடித்தால் பி.சி.547 இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர், பி.என்.2222 நேர் எதிர். சி1815-இல் பேஸ் ஓரத்துக்குப் போய்விடும். ஆள் ஒரே மாதிரி இருக்கும், கால் மாறியிருக்கும்.

ஜோடிப் பொருத்தம் பார்க்கும்போது கை சூடு கெடுத்துவிடும். சிலிக்கான் டிரான்சிஸ்டரில் ஒரு டிகிரி ஏறினால் பேஸ்-எமிட்டர் வோல்ட் 2 மில்லிவோல்ட் இறங்கும். விரலால் பிடித்துச் செருகினால் எண் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் தட்டில் பரப்பி, ஃபேனை அணைத்து, கால் மணி நேரம் கழித்து இடுக்கியால் எடுத்துச் செருகுவேன். மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் தாராவிக் கடையில் உட்காருவது எப்படி என்று கேட்காதீர்கள்.

மாட்டுங்கா மாமி ஒருவர் கொண்டுவந்த ரேடியோவில் ஏ.சி.128 ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். ஒன்றின் கெயின் நம்ப முடியாத அளவுக்கு அதிகமாக இருந்தது. சந்தோஷப்பட்டு, விரலை அதன் மேல் வைத்தேன். கெயின் இன்னும் ஏறியது. அது கெயின் இல்லை, லீக். ஜெர்மானியத்துக்கு வயதானால் பேஸைக் கேட்காமலே கரண்ட் ஒழுகும். அதையும் சேர்த்துக் கணக்கு எழுதிவிடும் டெஸ்டர். பேஸ்-எமிட்டர் வோல்ட்டும் சிலிக்கானுக்கு 0.6, 0.7 வருகிற இடத்தில் இவற்றுக்கு 0.2, 0.3 வரும். மாமியிடம் "இதை மாத்தணும்" என்றதும், "ஒரிஜினல்தானே, இருக்கட்டுமே" என்றார். மாற்றினேன். பழையதைக் காகிதத்தில் மடித்து அவரிடமே கொடுத்தேன்.

பராமரிப்பில் முதல் எதிரி சாக்கெட்தான். 5200-இன் தடித்த கால்களை லீவர் சாக்கெட்டில் திணித்தால் உள்ளே இருக்கும் தகடு அகன்றுவிடும். பிறகு பி.சி.547 செருகினால் தொடாது. நல்ல சாமானைக் கெட்டது என்று குப்பையில் போடுவீர்கள். தடித்த காலுக்குக் கிளிப் மட்டும்தான். கழட்டின சாமானின் காலில் ஈயக்கட்டி இருந்தால் சுத்தம் செய்துவிட்டே செருகுங்கள்.

இரண்டாவது எதிரி மழை. ஜூலையில் வெற்றுச் சாக்கெட்டே சில நாள் 'ரெசிஸ்டர்' என்று காட்டும். வியர்வை உப்பும் ஃப்ளக்ஸும் ஈரத்தைக் குடித்து, காலுக்குக் கால் பாலம் போட்டிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பிரஷ்ஷில் தொட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டால் சரியாகும். பெட்ரோலோ தின்னரோ வேண்டாம், பிளாஸ்டிக் வெளுத்துவிடும். 9 வோல்ட் பேட்டரியை இரவு கழட்டி வைத்துவிடுவேன்; மலிவு பேட்டரி ஒழுகினால் கிளிப் பச்சையாகிவிடும். எண்கள் காரணமில்லாமல் தள்ளாடினால் முதலில் பேட்டரியைப் பாருங்கள்.

கிளிப் ஒயரை மாற்றினால் செல்ஃப் டெஸ்ட் மறக்கக்கூடாது. மூன்று முனையையும் சேர்த்து ஷார்ட் செய்து பட்டனை அழுத்த வேண்டும். ஒயரின் ரெசிஸ்டன்ஸை அது அளந்து வைத்துக்கொள்ளும். பிரித்துவிடச் சொல்லித் திரையில் வந்ததும் உடனே பிரிக்க வேண்டும். நான் முதல் தடவை டீ குடித்துக்கொண்டு விட்டுவிட்டேன், மறுபடி ஆரம்பத்திலிருந்து.

காலையில் ஊதுபத்தி ஏற்றியதும் மூன்று சாமானை அளப்பேன்: ஒரு பி.சி.547, ஒரு பெர்சென்ட் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், 1 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர் கண்டென்சர். அவற்றின் எண்களைச் சுவரில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். ஒத்துப்போனால் கடை திறக்கும். மழை மாதங்களில் டெஸ்டர் தூங்குவது மேல் பரணில், வீட்டிலிருந்து எடுத்துவந்த எவர்சில்வர் முறுக்கு டப்பாவில், செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களுக்கு நடுவில். டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டால் எதிர்க்கடை அண்ணாச்சி இன்னும் எட்டிப் பார்க்கிறார்.