மேட்டு நிலமும் குளத்து நீரும்

கொங்கு நாட்டில் அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடையே உள்ளது திருமுருகன்பூண்டி. அது சுந்தரர் பாடிய திருத்தலம். கற்சிற்பிகள் வாழும் ஊர். அதனைச் சூழ்ந்த சிற்றூர்கள் மேட்டு நிலத்தில் அமைந்தவை. தென்மேற்குப் பருவக்காற்றை மலைத்தொடர் தடுப்பதால் ஆங்கு மழை குறைவு. சோளம், கம்பு, நிலக்கடலை ஆகியவை மானாவாரியாய் விளைந்தன. உழவர் எருதுகளைப் பூட்டிக் கவலை ஏற்றத்தால் கிணற்று நீரை இறைத்தனர். பின்னர் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. நிலத்தடி நீர் கீழிறங்கிற்று. இளைஞர் பலர் ஏரை விட்டுத் திருப்பூர்ப் பனியன் ஆலைகளை நாடினர்.

வடக்கே தாழ்வில் ஓடும் பவானியின் நீர் தம் குளங்களுக்கு வரவேண்டுமென உழவர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வேண்டினர். 2024 ஆகஸ்டு 17ஆம் நாள் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கப்பெற்றது. காலிங்கராயன் அணைக்கட்டைக் கடந்து செல்லும் உபரிநீர், ஆறு நீரேற்று நிலையங்களால் உயர்த்தப்பெற்று, 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாய்வழிச் செல்கிறது. அந்நீர் நேரே வயலிற் பாய்வதன்று. நிலத்துள் ஊறிக் கிணறுகளை வாழ்விப்பது. ஆதலின், குளம் தூர்ந்துபோகாமலும் கழிவுநீர் கலவாமலும் காத்தல் ஊரார் கடமையாகும். ஆலையில் பொருளீட்டும் இளைஞரும் அக்கடமையை மறவாதிருப்பின், அம்மேட்டு நிலத்தில் உழவு நிலைக்கும்.