நாணயமும் ஏடும்

'நாணயம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று காசு, மற்றொன்று சொன்ன சொல் தவறாமை. காளவாசல் மளிகைக் கடையில் கணக்கு வைத்து, மாதம் பிறந்ததும் பாக்கியைத் தீர்ப்பவரின் நாணயத்தைக் கடைக்காரர் அறிவார், வங்கி அறியாது. ஆகவே, எந்த வங்கியிலும் கடன் வாங்காத ஒருவருக்குக் கடன் அட்டை மறுக்கப்படுவதும் உண்டு. கடனில்லாமை குற்றமா? இல்லை, அவரது ஏடு வெறுமையாக இருக்கிறது, அவ்வளவே.

இவ்வேட்டைக் காப்பவை கடன் தகவல் நிறுவனங்கள். நம் நாட்டில் சிபில் 2000-ஆம் ஆண்டு தோன்றியது. 2005-இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. சிபில் வழங்கும் மதிப்பெண் 300 முதல் 900 வரை.

மறுக்கப்பட்டவர் செய்யத்தக்கன யாவை?

முதலாவது, தம் அறிக்கையைப் பார்த்தல். ஆண்டுக்கு ஒருமுறை அது இலவசம். பிழையிருப்பின் திருத்தக் கோரலாம். 30 நாட்களைக் கடந்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

இரண்டாவது, வங்கியில் வைப்புத் தொகையை ஈடாக வைத்து அட்டை பெறுதல்.

மூன்றாவது, வரம்பில் சிறு பகுதியையே செலவிட்டு, கெடுவுக்குள் முழுவதும் கட்டுதல். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் மீதிக்கு வட்டி ஏறும்.

நான்காவது, உடனே பல வங்கிகளுக்கும் விண்ணப்பிக்காதிருத்தல். ஒவ்வொரு விண்ணப்பமும் ஏட்டில் பதியும்.

மாணவருள் பலருக்கு இவ்வேட்டின் முதல் பக்கம் கல்விக் கடனே. அதில் தவணை தவறினால், உடன் கையொப்பமிட்ட பெற்றோரின் ஏட்டிலும் கறை படியும் என்பதை நாம் மறத்தலாகாது.